தள்ளு

கலெக்டர் ஆபீசுக்கு எதிரே
பதினோரு வருஷமாய் ஜெராக்ஸ் கடை.
திங்கட்கிழமை மனு நாள்.
பட்டா, விதவைப் பென்ஷன், காணாமல் போன மகன்
எல்லாம் என் கைவழியே
கண்ணாடிமேல் குப்புறப் படுத்து
ஒரு கோடு வெளிச்சத்தில் குளித்து எழும்.
எதையும் நான் வாசித்ததில்லை.
தாள் கோணாமல் இருக்கிறதா
என்று மட்டும் பார்ப்பேன்.

சித்திரையில் ஒரு திங்கள்
கோணலாய் விழுந்தது என் தாள்.
ஒச்சம்மாள், வயது நாற்பத்தேழு.
ஆபரேஷனைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது.
ஆறு தடவை நரம்பில் ஏற்றியதையும்
அதுவே பார்த்துக்கொண்டது.
இனி வீட்டில் விழுங்க வேண்டிய மாத்திரைதான்
அட்டைக்கு வெளியே நிற்கிறது.
ஒரு மாதத்து டப்பாவுக்கு
என் வீட்டுக்காரர் தேனி பஸ்ஸில்
இரண்டு மாதம் டிக்கெட் கிழிக்க வேண்டும்,
சோறு தின்னாமல்.

மூன்றாம் எண் அறையில் எழுத்தர் கேட்டார்,
'என்ன வியாதி?'
'சினைப்பையில்' என்றேன்.
பேனா நின்றது.
'கர்ப்பப்பைதானே?'
'இல்ல சார், அது வேற.'
வரிசையில் யாரோ செருமினார்கள்.
'வயிறு' என்று எழுதிக்கொண்டார்
மரியாதையாகத்தான்.

சிம்மக்கல் அறக்கட்டளை
பாதி தருவதாய்க் கடிதம் கொடுத்தது,
மீதிப் பாதிக்கு வழி காட்டினால்.
மருந்துக் கம்பெனித் திட்டம்:
இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசம்.
ஆடியில் விளக்குத்தூண் பக்கம்
சேலைக் கடையில் ஒட்டுகிற அதே வாசகம்.
சிரித்துவிட்டேன். தையல் இழுத்தது.

மாசக் கடைசி ஞாயிறு
செல்லூரில் சகாயராணி வீட்டு மாடியறையில் ஏலச்சீட்டு.
லட்ச ரூபாய், இருபது பேர்.
அவசரக்காரி முப்பதாயிரம் வரை தள்ளிக் கேட்பாள்.
அந்தத் தள்ளு மற்றவர்களுக்குப் பங்கு.
அடுத்தவள் அவசரத்தில்
நானும் ஒரு எவர்சில்வர் அண்டா வாங்கியிருக்கிறேன்.

இருபத்தஞ்சு, இருபத்தஞ்சு என்று
சொல்லிக்கொண்டேதான் படியேறினேன்.
சகாயராணி 'ஆயிரத்துல ஆரம்பம்' என்றாள்.
கையைத் தூக்கினேன்.
ஆவணியில் மகள் கல்யாணம் வைத்திருக்கும் பாத்திமுத்து
சுவரில் காலண்டரைப் பார்த்தாள்.
ராமுத்தாய் வடையைப் பிட்டுக்கொண்டே இருந்தாள்,
தின்னவில்லை.
'ஒரு தரம்.'
அந்த அறையில் ஃபேன் இவ்வளவு சத்தம் போடும் என்று
அன்றைக்குத்தான் தெரியும்.
'ரெண்டு தரம்.'
ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.
அது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

காலை எட்டு, ராத்திரி எட்டு.
நாக்கில் சாவியைச் சப்பிய ருசி.
எட்டு மாதம் ஓடும்.
ஒன்பதாவதை ஒன்பதாவதில் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்றுத் திங்கள்.
சின்ன வயசுக்காரி,
கட்டைப் பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.
தாளைக் கவிழ்த்தே நீட்டினாள்.
'ரெண்டு காப்பிக்கா.'
திருப்பினேன். வாசித்தேன்.

'என்னன்னு கேட்டா சினைப்பைன்னு சொல்லு.
வேற எழுதினா விடாத.
வருமானச் சான்று ஆறு மாசத்துக்குள்ள வாங்கினதா?
மூணாம் நம்பருக்குப் பத்துக்கு முன்னாடி போயிரு.
ரெண்டு பத்தாது, நாலு எடுக்கிறேன்.
சில்லறை அப்புறம் குடு.
ஒண்ணு உன்கிட்டயே வச்சுக்க.'