தொழில் என்ற கட்டம்

குன்னூர் பெட்போர்டில்
ஜெராக்ஸ் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே
ஆறடி அகலம் என் அலுவலகம்.
ஆங்கிலத்தைத் தமிழாக்க, தமிழை ஆங்கிலமாக்கப்
பக்கத்துக்கு நூற்றைம்பது. முத்திரை தனி.

ஆடியில் ஆள் வராது.
மஞ்சு மட்டும் கேட்காமல் உள்ளே வந்து
நாற்காலியில் உட்காரும்.
அப்போதெல்லாம் முதுகில் பிளாஸ்திரி ஒட்டிய
பெரிய அகராதியைப் புரட்டுவேன்,
ஊரைவிட்டுப் போனவர்களின்
விலாசம் தேடுகிறவன் போல.

கட்டுமரம் அங்கே இருக்கிறது.
கட்டும் இல்லை, மரமும் இல்லை.
வெள்ளை பைபரில் இரண்டு உடம்பு, ஒரு மோட்டார்.
சுருட்டு தன் கடைசி உகரத்தை
வழியிலேயே புகைத்துத் தீர்த்துவிட்டது.
மிளகுத்தண்ணீரை மேலே கிளப்பில்
ஒரு ரிட்டயர்மென்ட் விருந்தில் குடித்தேன்.
கோழி இருந்தது, ஆப்பிள் இருந்தது.
மிளகைக் கேட்டதற்கு
மேசையில் இருந்த குப்பியைக் காட்டினார்கள்.

சோலையின் கதை வேறு.
நமக்கு எந்த மரக்கூட்டமும் சோலைதான்.
அவர்கள் அந்தப் பெயரை
மலைமடிப்பில் ஓடை பிறக்கிற
இந்த ஈரக் காட்டுக்கு மட்டும் ஒதுக்கினார்கள்.
போன மாதம் தொட்டபெட்டா வழியில் புதுப் பலகை:
'ஷோலா காடு. குப்பை போடாதீர்.'
ஐகாரத்தோடு போன பிள்ளை
ஷ வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறது.
பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.

தவமலர் வந்த மதியம் சிரிக்கவில்லை.
எல்.ஐ.சி. ஏஜென்ட். கோத்தகிரிப் பக்கம் லைன் வீட்டில் பிறந்தவர்.
குடையை வாசலில் சொட்ட விட்டுவிட்டு
பாலித்தீன் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.
எஸ்டேட் பதிவேட்டின் நகல், 1968.
'தாலுகா ஆபீஸ்ல தமிழ்ல கேக்குறாங்க சார்.'

பெயரை எழுத்துக்கூட்டினேன்.
'உங்கம்மா?'
'ஆமா, எங்கம்மா. பேரு அங்கம்மா.'

அடுத்த கட்டம், தொழில்.
சாய்ந்த இங்கிலீஷில் ஆறு எழுத்து.
கூலி.

அகராதிக்கே இதில் நிச்சயம் இல்லை.
குஜராத்தில் ஒரு குலத்தின் பெயராக இருக்கலாம் என்கிறது,
தமிழ்ச் சொல்லும் கலந்திருக்கலாம் என்கிறது,
இருவரையும் கைகாட்டிவிட்டு
அடுத்த சொல்லுக்கு நடையைக் கட்டுகிறது.
இருக்கட்டும்.
நம்மிடம் அது கைக்கு வருவது.
அந்தியில் எண்ணி வாங்கி
முந்தானையில் முடிந்துகொள்வது.
அங்கே போய் அது ஆளாகிவிட்டது.
வாங்கியதே வாங்கியவளை விழுங்கிவிட்டது.
அப்படியே நான் திருப்பி எழுதினால்,
பெயர் அங்கம்மாள், தொழில் சம்பளம்
என்றல்லவா ஆகும்?

'தொழிலாளின்னு போடுங்களேன்.'
'தாள்ல உள்ளதைத்தான் போடணும்மா. கையெழுத்து என்னுது.'

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
'தாளைத் திருப்பிப் பாத்தீங்களா?'

பார்க்கவில்லை.
பின்பக்கம் நாள்வாரியாகக் கட்டங்கள்.
பதினெட்டு. இருபத்திரண்டு. மழை. பதினைந்து.
பிறகு வரிசையாக ஒன்பது வெறும் கட்டம்.
'அதுல நான் பொறந்தேன்,' என்றார்
பிரீமியம் தேதி சொல்கிற குரலில்.
'மேல என்ன எழுதியிருக்கு?'
'பறித்த கொழுந்து, எடை.'
'அப்ப அவங்க மொழியில
அந்த வேலைக்குச் சொல் இருந்திருக்கு.'

இருந்திருக்கிறது.
ஒரு தாள் கனத்தில், மறுபக்கம்.

முன்பக்கத்தில் கூலியாள் என்றே அடித்தேன்.
வேறு வழி தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.
பின்பக்கத்தையும் சேர்த்து அடித்தேன்,
ஒன்பது வெறும் கட்டங்களையும்
கோடு போட்டு வெறுமையாகவே வைத்து.
இரண்டு பக்கத்திலும் முத்திரை.
ஒரு பக்கத்துக்குத்தான் பணம் என்றேன்.

என் பலகையில் அதற்குப் பெயர் கட்டணம்.
தவமலர் பணத்தை வைத்துவிட்டு
பைக்குள்ளிருந்து சிறிய கணக்கு நோட்டை எடுத்து
நின்றபடியே எழுதினார்:
டைப் கூலி, 150.

தலைகீழாகத்தான் படித்தேன்.
பக்கத்தில் ஒரு தொகையோடு
அந்தச் சொல் சும்மா உட்கார்ந்திருந்தது.