டோலரைட்

பால்கனி தாங்காது என்று
மூன்று முறை நோட்டீஸ் அனுப்பிய
குடியிருப்புச் செயலாளர் நான்.
குரோம்பேட்டை, இரண்டாவது மாடி, ஞானாபரணம் சார்.
தினத்தாளில் சுற்றி, எண் போட்ட நானூறு கற்கள்.

"கட்டடத்துக்கு வயசு பதினாறு.
இதோ, இதுக்கு இருநூற்றைம்பது கோடி.
யார் யாரைத் தாங்குறது?"
நோட்டீஸையும் ஒரு கல்லுக்குச் சுற்றிவிட்டார்.

ரிட்டயர் ஆகியும்
வீட்டுக்குள் இருக்கத் தெரியவில்லை அவருக்கு.
கத்திரி வெயிலில் திரிசூலம் ஏறுவார்.
படுக்கை மொட்டைமாடியில்;
புயல் கூண்டு ஏற்றினால்தான் கீழே வருவார்,
அதுவும் முனகிக்கொண்டே.

ஆலந்தூர் மெட்ரோவில் ஒருநாள்
தரையில் குந்தி, லென்ஸைக் கண்ணில் வைத்துப்
படிக்கட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.
காவலர் விசில் ஊதினார்.
"கார்னெட் தம்பி, இங்க பாரு, செவப்பா."
அவரும் குனிந்தார்,
விசில் வாயிலேயே இருக்க.
எங்களுக்கு இரண்டு ரயில் போய்விட்டது.

நேற்று கிருபை அம்மாவோடு
கல்லறைக் கல் வாங்கப் போனேன்.
"ஒரிஜினல் பிளாக் கிரானைட்மா"
கடைக்காரர் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.
"கிரானைட் இல்லை, டோலரைட்"
இருவரும் சேர்ந்தே சொல்லிவிட்டோம்.
பிறகு கொஞ்சநேரம்
யாரும் பேசவில்லை.

"பேரு மட்டும் செதுக்குங்க.
வருஷமெல்லாம் வேண்டாம், கல்லு சிரிக்கும்"
என்றார் அம்மா.

நான் முன்பணம் எண்ணும்போது
ஈரக் கல்லில் விரல் வைத்து
யாரும் பார்க்கவில்லை என நினைத்து
நுனிநாக்கில்
தொட்டுக்கொண்டார்,
சார் செய்வதுபோலவே.