காதளவு

சம்பளச் சீட்டின் ஏழாவது வரியைப்
பதினாறு வருடத்தில் ஒருநாளும் படித்ததில்லை.
எனக்காகக் கம்பெனி கட்டும் காப்பீட்டுப் பிரீமியம்:
இரண்டாயிரத்து அறுநூறு.
கைக்கு வராத பணம்.
என் பணமென்று தோன்றியதுமில்லை.

மூக்கண்டப்பள்ளிக் கல்யாண மண்டபத்தில்
ஞாயிறு காலை சங்கக் கூட்டம்.
முந்தைய நாள் மணமக்கள் பெயர்
தெர்மாகோலில் பாதி பிய்ந்து தொங்க,
அதன்கீழ் நின்று நாகோஜிராவ் கணக்குச் சொன்னார்:
ஏழாவது வரியையும் சம்பளமாக எண்ணி
நூற்றுக்கு எட்டு பிடித்துக்கொண்டால்
காண்ட்ராக்ட் ஆட்கள் முந்நூற்று நாற்பது பேருக்கும்
ஆளுக்கொரு கார்டு.
நமக்கு மாதம் இருநூற்று எட்டு ரூபாய்.

திம்மராயன் எழுந்தான்.
"டாக்ஸ்னு சொல்லாம டாக்ஸ் போடறீங்க.
அந்த வருஷம் இன்கிரிமெண்டை விட்டுக்கொடுத்து
வாங்கின கார்டு இது. இனாமா வந்ததில்ல."
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.
அவன் சொன்னது நிஜம்தான்.

பெயிண்ட் ஷாப் ஷமீம் கேட்டாள்:
"மேனேஜர் கார்டு பெரிசாச்சே,
அதுக்கும் எட்டா, நமக்கு மட்டும்தானா?"
மைக் கீச்சிட்டது.
பதில் வந்திருந்தால் என் காதில் விழவில்லை.

எனக்கு ஓடிக்கொண்டிருந்தது வேறு.
என் மெஷினடியில் இரும்புச் சீவல் கூட்டும் சீத்தம்மா
தை மாதம் ஒருநாள்
கழுத்து வீக்கத்தை முந்தானையால் மூடியபடி கேட்டாள்:
"உங்க கார்டுல என்னையும்
தங்கச்சின்னு எழுத முடியுமாண்ணா?"
சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
வீட்டுக்குப் போய்ப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன்.
மனைவி, இரண்டு பிள்ளை, அப்பா, அம்மா.
தங்கைக்குக் கட்டமே இல்லை,
கூடப் பிறந்தவளுக்கும்கூட.

அந்தக் கார்டுதான்
அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரில்
என் வலது தோளைப் பிரித்துத் தைத்தது.
ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.
என் பையிலிருந்து போனது
பார்க்கிங்குக்கும் இரண்டு காபிக்கும்.
தோள் தேறிவிட்டது,
காதளவு உயரும்.
அதற்குமேல் உயராது என்று
டாக்டர் அன்றே சொல்லிவிட்டார்.

"சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

தூக்கினேன்.
தூக்கினேன் என்றுதான் நினைக்கிறேன்.
எண்ணிக்கொண்டு வந்த எல்லப்பன்
என் முகத்தை ஒரு நொடி பார்த்தான்,
காதைச் சொறிகிறேன் என்று நினைத்தானோ என்னவோ,
அடுத்த ஆளுக்குப் போய்விட்டான்.
இடக்கையைத் தூக்கியிருக்கலாம்.
"ஏம்ப்பா, நானும்தான்" என்றிருக்கலாம்.
பக்கத்து நாற்காலியில் திம்மராயன்.
இரண்டு கையும் மடியில்.
என் காலேஜ் பையனுக்கு ஃபீஸ் கட்டக்
கடன் கொடுத்தவன்.

பதினொரு ஓட்டில் தீர்மானம் விழுந்தது.
ஒரு கையால் என்ன ஆகியிருக்கும்,
பத்தாகியிருக்கும்.
இதை நேற்றும் சொல்லிக்கொண்டேன்,
இன்று பஸ்ஸிலும்.

முதல் ஷிப்ட்.
ஓசூர்ப் பனியில் ஷெட்டுத் தகரம் சொட்டுகிறது.
சீத்தம்மா துடைப்பத்தோடு குனிந்து வந்தாள்.
கூட்டம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"காலைத் தூக்குங்கண்ணா" என்றாள்.

தூக்கினேன்.