பதினோராம் பத்தி

மறுப்புக் கடிதம் நான்கு பக்கம்.
பதினோராம் பத்தியில் எங்கள் ஆறு இருந்தது.

கணவர் விண்ணப்பத்தில் எழுதியது: வீடு ஆற்றங்கரையில்.
மனைவி நேர்காணலில் சொன்னது: வாய்க்கால் கரையில்.
ஆகவே இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்ததாக நம்ப இயலவில்லை.
ஆகவே இது உண்மையான திருமணம் அல்ல.

அந்த இரண்டு ஆகவேக்கு நடுவில்
பதிமூன்று மாதம் குடித்தனம் செய்திருந்தோம்.

டெல்லியில் அதிகாரி
தாலி எத்தனை பவுன் என்று கேட்டார்.
பந்தியில் என்ன பாயசம் என்று கேட்டார்.
திருமேனிக்கு எந்தக் காது மந்தம் என்று கேட்டார்
(இடது).
வீடு எங்கே என்றார், சொன்னேன்.
அவர் வேறு மாதிரி எழுதியிருக்கிறாரே, ஏன்
என்று மட்டும் கேட்கவில்லை.
கேட்காத கேள்வியில் தோற்றுவிட்டு
ரயிலேறி வந்திருக்கிறேன்.

சந்தேகத்தை முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும்,
அதைத்தான் வாதாடப் போகிறேன்
என்றார் அங்கத்து வக்கீலம்மா.
மேல்முறையீடு அவர் பெயரில். சாட்சி நான்.

டொரண்டோவில் காலை ஒன்பதரை.
மன்னார்குடி பந்தலடியில், ஜெராக்ஸ் கடை மாடியில்
ராத்திரி ஏழு.
கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் தாங்க வேண்டுமென்று
கடைக்காரர் மின்விசிறியை நிறுத்திவிட்டார்.

மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர்.
"அறையில வேற ஆரும் இருக்கினமோ எண்டு கேக்கினம்."
ஒரு பல்லி, என்றேன்.
அதையும் மொழிபெயர்த்தார்.

பிறகு நடுவர் கேட்டார், அந்த ஒன்றை:
ஆறா, வாய்க்காலா?

மேட்டூர் திறந்தால் ஆறுங்க.
ஐப்பசி மழையில் மேற்கே வயல்காரர்கள்
வடிய விடுகிற தண்ணியும் அதிலேதான்,
அப்போ வடிகால்.
நாங்கள் வாய்க்கால் என்போம், வாசலுக்கு நேரே
மதகு இருப்பதால்.
பத்திரத்தில் நாலுமாலுக்கு வடக்கே கோரையாறு.
அவர் பத்திரத்தைப் பார்த்து எழுதினார்,
நான் துணி துவைக்கிற இடத்தைச் சொன்னேன்.
இன்றைக்கு வந்து பார்த்தால் ரெண்டு பேரும் பொய்.
மணலில் பையன்கள் ஸ்டம்பு நட்டிருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கவில்லை.
நடுவரிடம் ஏதோ அனுமதி கேட்டு
என் பக்கம் திரும்பினார்:
"தங்கச்சி, எங்கட ஊரில ஆறே இல்லை.
மதகு எண்டால் எங்களுக்கு
றோட்டுக்குக் கீழ தண்ணி போற பாலம்.
உங்களுக்கு என்ன?
நான் பிழையாச் சொல்லிப்போடக் கூடாது."

பலகை, திருகு,
ஏற்றினால் ஓடும், இறக்கினால் நிற்கும்.
கையால் திருகிக் காட்டினேன்.
திரையின் மூலையில், சின்னச் சதுரத்தில்
திருமேனி
வலது காதை முன்னால் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.
யாரும் அதைக் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தீர்ப்பு எழுத்தில் வரும், ஆறு வாரம், என்றார்கள்.
இந்த ஆறுக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.
நூற்றிருபது ரூபாய் வாங்கிக்கொண்டு
கடைக்காரர் மின்விசிறியைப் போட்டார்.

பாலத்தில் பஸ் நின்றபோது
தினமும் கடக்கிற பலகையை அன்றுதான் படித்தேன்:
கோரையாறு.
எட்டிப் படம் எடுத்து வக்கீலம்மாவுக்கு அனுப்பினேன்.

வீட்டு வாசலில் இறங்குவதற்குள் பதில்.
சாட்சியம் முடிந்துவிட்டது.
இனி எதையும் சேர்க்க
மனுப் போட வேண்டும்.