கண்ணாடியில் ஒட்டியவை

புன்ட்டா அரீனஸில் காற்றுக்குக் காகிதம் ஆகாது.
சுவரில் ஒட்டினால் விடியுமுன் ஜலசந்திக்குப் போய்விடும்.
அதனால் ஊரே என் ரொட்டிக்கடைக்கு வருகிறது,
கண்ணாடியின் உட்புறம் கொஞ்சம் இடம் கேட்டு.

இந்த வாரம்
தீயணைப்புப் படைக்குப் புதுக் குழாய் வாங்க நடனம்.
டிக்கெட்டோடு ஒரு கோப்பை ஒயின்,
இரண்டாவது கோப்பைக்குத் தனிக் காசு.
தெருநாய்களின் கருத்தடைச் செலவுக்குக் கேக் விற்பனை.
சுடப்போவது யஸ்னா.
நாய்கள் மேல் உங்களுக்கு உண்மையிலேயே பிரியம் இருந்தால்
வாங்குங்கள். தின்ன வேண்டியதில்லை.
ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பனியாறு பார்க்கப் போகிறார்களாம்,
பஸ் கட்டணத்துக்குக் கார் கழுவுகிறார்கள்
வாளியில் தண்ணீர் உறைகிற ஜூன் மாதத்தில்.
போன வருடம் கழுவிய என் வேனின் கதவு
மூன்று நாள் திறக்கவில்லை.

நடுவில் மஞ்சள் தாள், கோணல் கையெழுத்து:
நொல்பெர்த்தோவின் சிறுநீரகத்துக்காக பிங்கோ.
சனி மாலை ஏழு மணி, வட்டார மன்றம்.
முதல் பரிசு தோலுரித்த பாதி ஆடு.
இரண்டாம் பரிசு முடிவெட்டு.
மூன்றாம் பரிசு டயர் ஒன்று, கொஞ்சம் ஓடியது.
பசித்தவர்களுக்குக் கொம்ப்ளேத்தோ:
அவகாடோ வழிய, மயோனைஸ் வழிய,
சட்டைக்கைக்கும் ஒரு பங்கு.

இருபது வருடமாக இந்த ஊரில்
யாருக்கு எந்த உறுப்பு கெட்டாலும்
உருளையைச் சுற்றி எண் சொன்னவன் அவன்தான்.
பகலில் மினிபஸ் ஓட்டுவான். குரல் அதற்கென்றே ஆனது.
இருபத்திரண்டு வந்தால் "முட்டி போட்ட வாத்து ரெண்டு!"
ஏழு வந்தால் "என் மாமியார் மூக்கு!"
மாமியார் முன்வரிசையில் இருப்பார்.

வியாழக்கிழமை விமானம் வருமுன் போய்விட்டான்.

மஞ்சள் தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
எதெல்மிரா உள்ளே வந்தாள், கறுப்புக் கோட்டு, ஈர பூட்ஸ்.
"அது இருக்கட்டும். நானூறு சாசேஜ் வாங்கியாச்சு,
கடைக்காரன் திரும்ப எடுக்கமாட்டானாம்."
கதவுவரை போனவள் திரும்பினாள்.
"ஆஸ்பத்திரிக் கடன் இன்னும் உயிரோடதான் இருக்கு."
நான் நாடாவை மறுபடி அழுத்தி ஒட்டினேன்.
நானூறு ரொட்டிக்கு லாபம் வைக்கவில்லை.
மாவு விலைதான்.
மாவு விலையை வாங்கிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மன்றத்தில் நிற்க இடமில்லை.
யஸ்னா உருளையைச் சுற்றினாள், வெறும் எண்ணாகப் படித்தாள்,
டெலிபோன் நம்பர் சொல்வதுபோல.
நாற்பத்தொன்று. பதின்மூன்று. அறுபது.
இருபத்திரண்டு என்றாள்.
பின்னாலிருந்து யாரோ, பிறகு எல்லாருமே:
முட்டி போட்ட வாத்து ரெண்டு.
அட்டையில் அந்த எண் இல்லாதவர்களும்.
ஏழு வந்தபோது
யாரும் வாய் திறக்கவில்லை.
மாமியாரே சொன்னார்.

பாதி ஆடு எதெல்மிராவுக்கு விழுந்தது.
அவளும் ஓர் அட்டை வாங்கியிருந்தாள், காசு கொடுத்து.
திருப்பிக் கொடுப்பாள், மறுபடி ஏலம் விடலாம்
என்று பாதி மன்றம் கைதட்டத் தயாராக இருந்தது.
அவள் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.
நாலு பிள்ளைகள். பெரியவன் கதவைப் பிடித்துக்கொண்டான்.
காற்று அதையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது,
மேசையிலிருந்த அட்டைகள் எல்லாம் பறந்தன,
குனிந்து பொறுக்கியதில்
யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

எண்ணிப் பார்த்தோம். கடனில் மூன்றில் ஒரு பங்கு.
முடிவெட்டு எனக்கு வந்தது, இன்னும் போகவில்லை.

திங்கள் காலை தாள்களை உரித்தேன்.
கடைக்கு உள்ளேயிருந்து நான் எப்போதும்
அவற்றின் முதுகைத்தான் பார்க்கிறேன்;
வெயில் அடித்தால் எழுத்து இடம் வலமாகத் தெரியும்,
வாசிக்கக் கொஞ்சம் நேரமாகும்.
அடுப்பு சூடாகுமுன்பே ஒருத்தி வந்து நின்றாள்,
குளிரில் மூக்கு சிவந்து, கையில் சுருட்டிய தாள்:
தேவாலயக் கூரைக்கு ராஃபிள்.
"நடுவில் இடம் இருக்கா?" என்றாள்.
நடுவில் மஞ்சளாகப் பசைத் தடம்.
ஓரமாக ஒட்டச் சொன்னேன்.
அந்த இடம் ஆகஸ்டுக்கு. இரண்டாம் பிங்கோவுக்கு.