அடிக்கணக்கு

சங்ககிரி ரோட்டுப் பட்டறையில்
பச்சை பெயின்ட் காயும் முன்னே எழுத்துக்காரன் கேட்டான்:
"முன்னாடி அர்த்தநாரீசுவரர் துணை. பின்னாடி என்னங்க?"
பங்காளிகள் மூவரும் மூன்று திக்குப் பார்த்தார்கள்.
"ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.
பாதி கடனில் நிற்கிற ரிக் வண்டிக்கு
வாசகம் சொல்ல வாய் கூசியது.

மூன்று ஏக்கரா அடமானம், இரண்டு சீட்டைத் தள்ளி எடுத்தது,
தூத்துக்குடியில் ஏற்றி, பெய்ராவில் இறக்கி,
அப்புறம் ஒன்பது நாள் செம்மண் ரோடு.
சாம்பியாவில் சிப்பாட்டா.
மேப்பில் என் சுண்டுவிரல் நகம் மறைக்கிற ஊர்.
திருச்செங்கோட்டைச் சுற்றித்தான்
துளை போடாத காடு மிச்சமில்லையே.

"அக்கா! தண்ணி! நூத்தி இருவது அடியில!"
டிரில்லர் குழந்தைவேல் கத்துகிறான்.
அவனுக்குப் பின்னால் பெண்கள் குலவை,
நம்மூர்க் குலவையேதான்.
நான் கால்குலேட்டரைத் தட்டினேன்.
அடிக்கு இவ்வளவென்றால், நூற்றிருபதுக்கு
டீசல் காசுகூட நிற்காது.
இத்தனை சீக்கிரம் தண்ணி வந்தால்
நாங்கள் எப்படிப் பிழைக்க?

நினைத்த மாத்திரத்தில்
எலச்சிபாளையம் செம்மலை வந்து நின்றார் மனசில்.
ஆயிரத்து நூற்று நாற்பது அடி.
ராவெல்லாம் வெள்ளைப் புழுதி,
சோளக்காட்டில் மாவுமூட்டை அவிழ்ந்த மாதிரி.
இரண்டு எருமை விற்ற பணத்தை
அவர் எண்ணிக் கொடுத்தார்;
நான் மறுபடி எண்ணினேன்.
தண்ணி வராதது அவர் நேரம்.
இறங்கின அடி எங்கள் வருமானம்.
மாடி கட்டினது அந்தக் கணக்கில்தான்.

சிப்பாட்டாவில் தமாண்டா என்றொருத்தி.
மக்காச்சோள மில் அவளுடையது,
மில் வாசலில் மொபைலில் பணம் போடுகிற
மஞ்சள் குடையும் அவளுடையது.
அவள் இங்கிலீஷும் என் இங்கிலீஷும்
ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற மாடுகள்;
பணப்பேச்சு என்றால் மட்டும் வண்டி நேராகப் போகும்.

"அடிக்கு எதுக்குக் காசு? நான் குழியையா குடிக்கப் போறேன்?
தண்ணி வந்தா பணம். வரலைன்னா உங்க டீசல், உங்க பாடு.
பதினோரு ஊர் என் கையில் இருக்கு.
வீட்டுக்கு இவ்வளவுன்னு சிலிம்பா சேர்த்து
மாசாமாசம் தவணை தர்றேன். நூத்துக்குப் பத்து எனக்கு."

"சிலிம்பான்னா?"
இருபது பேர், மாசம் ஒருத்தருக்கு மொத்தமாய் என்றாள்.
அட, சீட்டு!
"ஏலம் உண்டா? தள்ளுத் தொகை?"
"அவசரக்காரன்கிட்டயா பிடிப்பீங்க?" என்று கேட்டாள்.
பேனா மூடியைக் கடித்தேன்.
பத்தை எட்டாக்கச் சொன்னேன்.
ஒன்பதில் நின்றாள், அசையவில்லை.

பங்காளிகள் குதித்தார்கள்:
"பூமிக்குள்ள இருக்கறதுக்கு யாரு ஜாமீன்?"
யாருமில்லைதான்.
நோட்டில் 'அடி' என்ற தலைப்பை அடித்துவிட்டு
'உண்டு, இல்லை' என்று எழுதினேன்.

ஆறு குழி, உண்டு.
ஏழாவது, முந்நூற்றுப் பத்தடி, இல்லை.
குழந்தைவேல் எதுவும் பேசவில்லை.
கம்ப்ரசர் இறங்கி அணைகிற சத்தத்தை
போனில் கேட்க விட்டான்.
அந்தப் புழுதி அன்றைக்கு
என் மேசை வரை வந்தது.

நேற்று செம்மலை ஆபீசுக்கு வந்திருந்தார்.
மேற்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றதாம்.
"இப்ப அடி என்ன ரேட்டுங்க, அம்மிணி?"

"தண்ணி வந்தா..." என்று ஆரம்பித்த நாக்கு
அங்கேயே நின்றது.
சுவரில் சங்கத்து விலைப்பட்டியல்.
ஆழத்துக்கு ஆழம் ஏறுகிற ரேட்டை
வாசித்துக் காட்டினேன், கொஞ்சம் மெதுவாக.

அவர் ஒவ்வொன்றுக்கும்
தலையாட்டிக்கொண்டிருந்தார்.