உப்புக் கணக்கு

விஸ்கான்சினில் மார்ச். ஓடையில் பாதி இன்னும் பனிக்கட்டி.
ரப்பர் பூட்ஸோடு முழங்காலளவு இறங்கி
மைஸீ பதினேழாவது குப்பியை நிரப்புகிறாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் தண்ணீர் இது.
குளிர்காலம் முழுக்க நகராட்சி லாரிகள்
சாலையில் தூவியதில்
ஒரு கல்லைக்கூட மறக்கவில்லை.

பாதி உப்பு போதும் என்றது அறிக்கை:
ஆறு மாணவர்கள், ஒரு செமஸ்டர், நாற்பத்திரண்டு பக்கம்.
கவுன்சிலில் நான்கு பேர் தலையாட்டினார்கள்,
ஒருவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கடைசி வரிசையில் லாரி டிரைவர் ஆர்லன் எழுந்தார்.
"விடியற்காலை நாலு மணிக்குப்
பள்ளிக்கூட மேட்டில் பஸ் வழுக்கினால்
உங்கள் வரைபடமா பிடித்து நிறுத்தும்?"

யாரிடமும் பதில் இல்லை.
"நாளைக்கு உங்களோடு வரட்டுமா?"
என்றாள் மைஸீ.

மூன்றரை மணி. மைனஸ் ஒன்பது.
லாரியின் இருக்கையில் அவருடைய மதிய உணவுப் பெட்டி,
அதை மடியில் வைத்துக்கொண்டாள்.
மேட்டில் அவர் தாராளமாகக் கொட்டினார்;
அவள் வாயைத் திறக்கவில்லை.
பிறகு தட்டையான மில் தெருவில்
லீவரை ஒரு விரற்கடை பின்னுக்கு இழுத்தார்,
அவள் பக்கம் திரும்பாமலே.

கையுறையைக் கழற்றி,
குலுங்கும் எழுத்தில்,
நாற்பத்து மூன்றாம் பக்கம் எழுதினாள்:
மேட்டுக்கு மட்டும் முழு உப்பு.